எலும்பும் நெடுங்கல்லும்: அறிவியல் புனைவுப் படங்களில் மனிதப் பரிணாமக் குறியீடுகளைப் பொருள்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மனிதப் பரிணாமத்தைப் பொருளாகக் கொண்ட பழைய அறிவியல் புனைவுப் படம் ஒன்றைப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒரு கல்லூரி அரங்கில் திரையிட்டால், விளக்குகள் எரிந்தவுடன் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘அந்தக் கல்லுக்கு என்ன அர்த்தம்?’ கல் என்று கேட்பவர் குறிப்பிடுவது, ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் நான்கு இடங்களில் தோன்றும் கரிய நெடுங்கல்லைத்தான். அதற்குக் கடவுள், வேற்றுலக அறிவு, அறிவியல் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்வது படத்தைப் பார்க்காமலே இருப்பதற்கு ஒப்பாகும் என்பது என் உறுதியான கருத்து. குப்ரிக்கே 1968ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் படத்தின் பொருளைச் சொற்களால் வகுத்துத் தர மறுத்து, அதைப் பார்வையாளரின் ஊகத்துக்கு விட்டுவிட்டார். அந்த உரிமையைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

நான் பரிந்துரைக்கும் முறைக்கு ஒரு குறிப்பேடு போதும். பக்கத்தை நான்கு பத்திகளாக, அதாவது நெடுவரிசைகளாக, பிரித்துக்கொள்ளுங்கள். முதற்பத்தியில் படம் கண்ணுக்கும் காதுக்கும் காட்டுவது மட்டும் இடம்பெற வேண்டும். இரண்டாவதில், காட்சிகளை ஒன்றோடொன்று இணைத்துப் படம் உணர்த்துவதை எழுத வேண்டும். மூன்றாவதில், அதே செய்தியைப் பற்றி அறிவியல் கூறுவதைக் குறிக்க வேண்டும். நான்காவதில், நம் மண்ணிலிருந்தும் நம் நூல்களிலிருந்தும் நமக்குத் தோன்றுவதை எழுத வேண்டும். இந்நான்கும் கலந்துபோகும்போதுதான் பொருள்கோடல் கெடுகிறது.

முதற்படி: படிப்பதற்கு முன் பார்த்தல்

படத்தைப் பற்றிய கட்டுரைகளையும் விளக்கக் காணொளிகளையும் முதல் முறை பார்க்குமுன் தொடாதீர்கள். கைப்பேசித் திரையைத் தவிர்த்து, இயன்றவரை பெரிய திரையில், இருட்டில் பாருங்கள். முழுப் பதிப்பில் தொடக்கத்தில் சில நிமிடங்களுக்குப் படமே இல்லாமல் கரிய திரையும் இசையும் மட்டும் இருக்கும். ப்ரொஜெக்டரில் கோளாறு என்று எண்ணி அதை ஓட்டிவிடுபவர்கள் உண்டு. ஆகவே திரையிடுபவர் முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது. முதல் வசனம் ஒலிக்கவே ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும். படம் முழுவதிலும் பேச்சு இருப்பது 40 நிமிடத்துக்கும் குறைவு. எனவே ஆங்கிலம் சரளமாக வராத மாணவர் இப்படத்தின் முன் எவ்வகையிலும் பின்தங்கியவர் அல்லர். முக்கியமான உரையாடல்களின் சாரத்தைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதுமானது.

இரண்டாம் படி: மீண்டும் வருவதைக் குறித்தல்

குறியீடு என்பது ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் விடை அன்று. ஒரு பொருளோ செயலோ சூழல் மாறி மீண்டும் மீண்டும் வரும்போது, அந்த மாற்றங்களுக்கிடையே உருவாகும் தொடர்பையே நாம் குறியீடு என்கிறோம். ஆகவே இரண்டாம் முறை பார்க்கும்போது நெடுங்கல்லைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மிகச் சாதாரணமாகத் தோன்றும் செயல்களைத் தொடருங்கள்.

உணவிலிருந்து தொடங்குங்கள். ஆதி வானரங்கள் வறண்ட நிலத்தில் இலை தழைகளைப் பறித்துத் தின்கின்றன. எலும்பை ஆயுதமாக்கியபின் பச்சை இறைச்சியைத் தின்கின்றன. நிலவுக்குச் செல்லும் ஊர்தியில் மனிதர் குழாய் வழியாகக் கூழை உறிஞ்சுகின்றனர். வியாழனை நோக்கிச் செல்லும் கலத்தில் இருவர், நிறம் மட்டுமே வேறுபட்ட பசைகளைத் திரையைப் பார்த்தவாறே உண்கின்றனர். இறுதியில் அவ்விருவருள் ஒருவரான விண்வெளி வீரர் டேவிட் போமன், பழங்கால ஐரோப்பிய மாளிகை அறை ஒன்றில் தனியாக அமர்ந்து, தட்டும் கரண்டியுமாக முறைப்படி உண்கிறார். அப்போது அவர் கைபட்டுக் கண்ணாடிக் கிண்ணம் விழுந்து நொறுங்குகிறது. இந்த வரிசையை மட்டும் எழுதிப் பார்த்தாலே, கருவி வளர வளர மனிதர் உணவின் சுவையிலிருந்து விலகிக்கொண்டே செல்வது புலப்படும்.

அடுத்து நீர்நிலை. தொடக்கத்தில் இரு வானரக் கூட்டங்கள் ஒரு குட்டையைச் சுற்றி நின்று கூச்சலால் சண்டையிடுகின்றன. பின்னர் அதே குட்டையின் ஓரத்தில் எலும்பால் அடித்துக் கொலை நிகழ்கிறது. விண்வெளி நிலையத்தில் அமெரிக்க அறிவியலாளர் ஹேவுட் ஃப்ளாய்டும் சோவியத் அறிவியலாளர்களும் பானங்கள் வைத்த தாழ்ந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர்; அவர்கள் கேட்கும் செய்தியை ஃப்ளாய்ட் மிகுந்த பணிவோடு மறைக்கிறார். கூச்சல் மரியாதையாகியிருக்கிறது, நீருக்கான எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறந்தநாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாய்டின் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. வியாழனுக்குச் செல்லும் கலத்தின் மற்றொரு வீரரான ஃப்ராங்க் பூலுக்குப் பெற்றோர் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகின்றனர். அக்கலத்தை இயக்கும் ஹால் 9000 என்னும் கணினி, தான் இயங்கத் தொடங்கிய நாளைத் தன் அழிவின்போது சொல்கிறது. படம் ஒரு கருக்குழந்தையில் முடிகிறது. ஃப்ளாய்டின் மகள் பரிசாகக் கேட்பது புஷ் பேபி என்னும் ஆப்பிரிக்கச் சிறு விலங்கை. அது இரவில் திரியும் ஒரு முதனி, அதாவது குரங்குகளும் மனிதரும் அடங்கிய பாலூட்டி வரிசையைச் சேர்ந்தது. முண்டந்துறைக் காடுகளில் வாழும் தேவாங்கும் அதுவும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்த உறவினங்கள். மனிதக் குழந்தை ஒன்று தன் தொலைதூர உறவினத்தைப் பொம்மைபோலக் கேட்கிறது என்பதை நம் வட்டார மாணவர்கள் மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தேவாங்கின் முகத்தைப் புகைப்படத்திலாவது பார்த்தவர்கள் அவர்கள்.

கையின் வரலாறு இவை எல்லாவற்றிலும் வளமானது. வானரங்கள் வெறுங்கையால் நெடுங்கல்லைத் தடவுகின்றன. நிலவில் ஃப்ளாய்ட் கையுறை அணிந்த கையால் அதைத் தொடுகிறார். படுக்கையில் கிடக்கும் முதிய போமன் எட்டாத கல்லை நோக்கிக் கையை நீட்டுகிறார். தொடுதல் இவ்வாறு படிப்படியாக அரிதாகிறது. அதே வேளையில் கல்லும் மனிதரிடம் நெருங்கி வந்து, இறுதியில் அவருடைய அறைக்குள்ளேயே நிற்கிறது.

மூன்றாம் படி: ஒட்டுகளை ஆராய்தல்

ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் திரைப்படம் தன் வாதத்தை வைக்கிறது. வானரம் விண்ணில் எறிந்த எலும்பு கீழிறங்கத் தொடங்கும் கணத்தில் காட்சி வெட்டப்பட்டு, நீண்ட வடிவமுள்ள விண்கலம் ஒன்று தோன்றுகிறது. இதைப் பலரும் ‘கருவியின் வளர்ச்சி’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். எந்த எலும்பு என்பதைக் கவனியுங்கள்: அது சற்றுமுன் கொலை செய்த எலும்பு. அந்த விண்கலம், திட்டமிட்டபோது, புவியைச் சுற்றும் அணு ஆயுதமாக எண்ணப்பட்டது. ஆனால் அதை விளக்குவதாக இருந்த பின்னணிக் குரல் கைவிடப்பட்டதால், படத்தில் அது ஆயுதம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. உங்கள் முதற்பத்தியில் ‘விண்கலம்’ என்றே எழுதுங்கள். ‘ஆயுதம்’ என்பதை வெளிச்சான்று என்ற குறிப்போடு இரண்டாவதில் எழுதுங்கள்.

அந்த வெட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதைத் தொடர்ந்து வரும் ஒரு சிறு காட்சி. ஊர்தியில் ஃப்ளாய்ட் உறங்குகிறார். அவருடைய பேனா கையிலிருந்து நழுவிக் காற்றில் மிதக்கிறது. எலும்பை எறிந்தது முழு விழிப்போடும் வெறியோடும் இருந்த கை. பேனாவை விட்டது உறங்கும் கை. பணிப்பெண் ஒருத்தி, நடை பழகும் குழந்தையைப் போல அடிமேல் அடி வைத்து வந்து அதை எடுத்து அவர் பையில் வைக்கிறாள். ஃப்ளாய்டே பின்னர் எடையற்ற சூழலில் கழிவறையைப் பயன்படுத்துவதற்கான நீண்ட அறிவிப்பை நின்று படிக்கிறார். நடப்பது, உண்பது, கழிப்பது ஆகிய மூன்றையும் மனிதர் விண்வெளியில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இறுதியில் வரும் கருக்குழந்தைக்கான ஆயத்தம் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் வாசிப்பு.

இன்னொரு ஒட்டு வானரக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. எலும்புக் குவியலின் முன் அமர்ந்திருக்கும் வானரம் தலையைச் சாய்த்துச் சிந்திக்கும்போது, கீழிருந்து பார்த்த நெடுங்கல் ஒரு நொடி குறுக்கிட்டுத் தோன்றுகிறது. கல்தான் அந்த எண்ணத்தைத் தூண்டியது என்பதற்குப் படம் அந்த இடத்தில் தரும் சான்று அந்த ஒரு துண்டே. கல் என்ன செய்தது, எப்படிச் செய்தது என்பதற்குச் சான்றே இல்லை.

நான்காம் படி: கண்ணை மூடிக் கேட்டல்

படத்தின் சில பகுதிகளை ஒலியாக மட்டும் கேட்டுப் பாருங்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896இல் இயற்றிய ‘இவ்வாறு பேசினான் ஜரதுஷ்டிரன்’ இசையின் தொடக்கம் மூன்று இடங்களில் வருகிறது: நிலவும் புவியும் சூரியனும் ஒரே கோட்டில் அமையும் தலைப்புக் காட்சி, எலும்பு கருவியாகும் காட்சி, கருக்குழந்தைக் காட்சி. நெடுங்கல் ஆப்பிரிக்காவிலும் நிலவிலும் வியாழனருகிலும் தோன்றும்போது ஒலிப்பதோ ஜார்ஜ் லிகெட்டியின் இறுதிச் சடங்கு இசை. பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே முனகலாக எழுவது. நான்காம் முறை, அறைக்குள் கல் நிற்கும்போது, அந்தக் குரல்கள் இல்லை. கல்லின் கருமைக்குள் நாம் நுழைந்து மீண்டதும் ஸ்ட்ராஸின் இசையே எழுகிறது. அச்சத்தின் ஒலி விலகி, பிறப்பின் ஒலி அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்ட்ராஸ் தம் இசைக்குத் தலைப்பாகக் கொண்டது ஜெர்மானியத் தத்துவவாதி ஃப்ரெட்ரிக் நீட்சேயின் நூல். விலங்குக்கும் மீமனிதனுக்கும் இடையே கட்டிய கயிறு மனிதன் என்ற கருத்தும், ஒட்டகமாகவும் சிங்கமாகவும் இறுதியில் குழந்தையாகவும் மனம் மாறும் மூன்று உருமாற்றங்களும் அந்நூலில் உள்ளன. படத்தோடு இவை நன்றாகவே பொருந்துகின்றன. ஆயினும் இப்படத்துக்கென அலெக்ஸ் நார்த் தனியாக இசை அமைத்திருந்தார் என்பதும், அது கைவிடப்பட்டே இந்த இசைகள் நிலைபெற்றன என்பதும் நினைவிருக்க வேண்டும். பொருத்தம் உண்மை, முழுப்படமும் நீட்சேயின் உரை என்று சொல்வது அளவு மீறியது.

ஐந்தாம் படி: வெளிச்சான்றுகளை எடைபோடுதல்

திரைக்கதையைக் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க், அதே ஆண்டில் நாவலையும் வெளியிட்டார். நாவலில் கலம் செல்வது சனிக்கோளுக்கு, படத்தில் வியாழனுக்கு. நெடுங்கல்லின் பக்கங்கள் 1, 4, 9 என்ற விகிதத்தில் அமைந்தவை என்று நாவல் கூறும். படம் அதைச் சொல்வதில்லை. ஆகவே நாவலை அண்டை வீட்டுச் சாட்சியாகக் கேளுங்கள். படத்தின் வாக்குமூலமாகப் பதிவு செய்யாதீர்கள்.

தற்செயலும் ஒரு சான்றுதான். வானரப் பகுதியில் இரைமேல் அமர்ந்திருக்கும் சிறுத்தையின் கண்கள் ஒளிர்வதைப் பார்த்து, அது ஹாலின் சிவந்த கண்ணுக்கு முன்னறிவிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஒளிர்வு, பின்னணிக் காட்சிகளை முன்புறமிருந்து திரையில் வீழ்த்திய ஒளியால் எதிர்பாராமல் நேர்ந்தது. இதனால் அந்த ஒப்புமை பொய்யாகிவிடாது. ஏனெனில் அது படத்தில் விடப்பட்டிருக்கிறது. ‘இயக்குநர் திட்டமிட்டார்’ என்று எழுதாமல், ‘படத்தில் இவ்விரு கண்களும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன’ என்று எழுதினால் நீங்கள் உண்மையின் பக்கம் நிற்பீர்கள். உருவ ஒற்றுமையை மட்டும் நம்பும் வாசிப்புகள், கலத்தின் வடிவத்தை முதுகெலும்பு என்றும் விந்தணு என்றும் சொல்வன போன்றவை, மிகவும் வலுக்குறைந்தவை.

ஆறாம் படி: அறிவியலின் அருகில் வைத்தல்

இந்தப் படிதான் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. இதைத் தவிர்த்தால் பரிணாமக் குறியீட்டைப் பற்றிப் பேசவே இயலாது.

ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்காவின் டாங் என்னுமிடத்தில் கிடைத்த, மனித மூதாதை இனம் ஒன்றின் சிறுவயது மண்டையோட்டை 1925இல் உலகுக்கு அறிவித்த உடற்கூற்றியலாளர். அவரே 1953இல், மனித மூதாதையர் எலும்புகளை ஆயுதமாக்கிக் கொன்று தின்ற வேட்டைக்காரர்கள் என்றும், அந்தக் கொலைதான் மனிதரை உருவாக்கியது என்றும் வாதிட்டார். எழுத்தாளர் ராபர்ட் ஆர்ட்ரி 1961இல் அக்கருத்தை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்தார். படத்தின் தொடக்கப் பகுதி அந்தக் காலத்துக் கருத்தின் காட்சி வடிவமே.

ஆனால் ஆய்வாளர் சி. கே. பிரெய்ன், தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகை எலும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவை பெரிதும் ஊனுண்ணிகள் விட்டுச்சென்ற மிச்சங்கள் என்று காட்டினார். அங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டின் இரு துளைகள் சிறுத்தையின் கோரைப்பற்களோடு பொருந்தின. நம் மூதாதையர் நெடுங்காலம் இரையாகவே இருந்தனர். களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் கன்றுக்குட்டியைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குச் சிறுத்தையின் வல்லமையை விளக்க வேண்டியதில்லை. இன்றைய அறிவியலோடு ஒப்பிட்டால், கொலை செய்யும் வானரத்தைவிட, இருட்டில் குகைக்குள் ஒடுங்கிக் கண்விழித்து நடுங்கும் வானரக் கூட்டத்தின் காட்சியே உண்மைக்கு நெருக்கமானது. அந்தக் காட்சிக்கு எழுத்தாளர்கள் தரும் இடம் மிகக் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வரிசையும் மாறியிருக்கிறது. படத்தில் எலும்பைப் பிடித்த பின்னரே வானரங்கள் நிமிர்ந்து நடக்கின்றன. தான்சானியாவின் லேட்டோலியில் 1978இல் வெளிப்பட்ட, நிமிர்ந்து நடந்த மூதாதையரின் காலடித் தடங்கள் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் பழையவை. இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கற்கருவிகள், கென்யாவின் லொமெக்வியில் கிடைத்தவை, 33 லட்சம் ஆண்டுகள் பழையவை. நிமிர்ந்த நடை இவற்றுக்கெல்லாம் முந்தியது. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் புகழ்பெற்ற ஊர்வல ஓவியம் 1965இல் ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்தது. படம் வந்த காலத்தின் கண் அது. பரிணாமமோ ஒற்றை வரிசையாக ஏறும் படிக்கட்டு அன்று, பல கிளைகளாகப் பிரிவது. பெரும்பாலான கிளைகள் அற்றுப்போயின.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு நெடுங்கல்லே. இயற்கைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு கை தேவையில்லை என்பதுதான் டார்வினின் கொடை. படமோ ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெளியிலிருந்து ஒன்றை நிறுத்துகிறது. இதைப் பிழையென்று ஒதுக்கிவிடாமல் கருத்தென்று எடுத்துக்கொண்டு, ‘மனிதர் தம்மைத் தாமே கடக்க முடியாது என்று இப்படம் எண்ணுகிறதா?’ என்று கேளுங்கள். ஹாலின் மரணம் இக்கேள்விக்கு ஒரு பக்க விடையைத் தருகிறது. மனிதர் தம் முயற்சியால் மட்டும் படைத்த அறிவு அது. போமன் அதன் நினைவுத் துண்டுகளை ஒரு சிறு திருகியால் கழற்றக் கழற்ற, அது முதுமையிலிருந்து குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி, கற்ற முதற்பாட்டைப் பாடி அடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் 1961இல் ஐபிஎம் 704 கணினி பாடிய ‘டெய்சி பெல்’ பாட்டுத்தான் அது.

ஏழாம் படி: நம் மண்ணிலிருந்து பார்த்தல்

நான்காம் பத்தியை வெட்கப்படாமல் நிரப்புங்கள். அதற்கு முன் முதல் மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும். திருநெல்வேலி வட்டாரத்துப் பார்வையாளருக்கு இதற்கான வளம் மிகுதி. 1986 வரை ஒரே மாவட்டமாக இருந்த பழைய நெல்லைச் சீமையின் செம்மணல் தேரிகளில், சாயர்புரம் முதலிய இடங்களில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன; தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினர். விரல் நுனியில் அடங்கும் அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற முழு மனிதர்கள். தமிழ்நாட்டில் நமக்கு முந்திய மனித இனங்களின் கைவேலையைக் காண வேண்டுமானால், 15 லட்சம் ஆண்டுகள் பழமையான கைக்கோடரிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தைத்தான் நாட வேண்டும். தேரிக் கருவியைப் படத்தின் எலும்போடு நேராக ஒப்பிடுவது காலப்பிழை. கருவி பெரிதாகாமல் நுணுகியும் வளரும் என்று படத்துக்கு எதிர்க்கேள்வி கேட்க அதைப் பயன்படுத்துவதே தக்கது.

இறந்தோரை இட்டுப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அறிந்தவருக்கு, ஒளிக்கோளத்துக்குள் மிதக்கும் கருக்குழந்தையைக் கண்டவுடன் தாழியே கருப்பையாகத் தோன்றும். அது நம்முடைய தோற்றம்; குப்ரிக்குக்கு அதில் பங்கில்லை. நெடுங்கல்லை நடுகல்லாகக் காண்பதும் அத்தகையதே, ஆனால் அது எளிதில் உடைகிறது: நடுகல் இறந்தவரின் பெயரையும் பெருமையையும் தாங்கும்; இந்தக் கல்லில் ஒரு கீறலும் இல்லை.

‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்னும் திருவாசக அடியையும், ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியலையும் மாணவர்கள் தவறாமல் எடுத்து வருவர். தொல்காப்பியம் உயிர்களைப் புலனறிவால் வகைப்படுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதென்று கூறவில்லை. திருவாசகம் ஒரே உயிர் பல உடல்களில் பிறந்து களைத்ததைப் பாடுகிறது. டார்வின் பேசுவதோ தனி உயிரைப் பற்றியன்று, தலைமுறைதோறும் மாறும் கூட்டத்தைப் பற்றி. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்குத் திரும்பினால் அரிய ஒன்று தென்படும். தொடக்கத்தில் ஒரு வானரம் கற்றது கூட்டம் முழுவதற்கும் பரவுகிறது; இறுதியிலோ ஒரே மனிதர், தனியாக, மூத்து, மறுவுடல் பெறுகிறார். படத்தின் இறுதி மாற்றம் டார்வினைவிட மணிவாசகருக்கு நெருக்கமானது. இது வலிந்து கொண்ட பெருமிதம் அன்று. காட்சியைப் பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி.

எட்டாம் படி: வேறு படங்களில் சோதித்தல்

இம்முறை ஒரு படத்துக்கு மட்டும் பொருந்துமானால் அது முறையாகாது. அதே 1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே திரும்ப வருவது சமூக அடுக்கு: அதிகாரமும் சமயமும் ஒராங்குட்டான்களிடம், படை கொரில்லாக்களிடம், ஆய்வு சிம்பன்சிகளிடம். பரிணாமக் கொள்கை அங்கே சமயத்துரோகமாக விசாரணைக்கு வருகிறது. நம் ஊர்ப் பார்வையாளர் அதில் சாதியைக் காண்பது முழுவதும் நியாயமானது. ஏனெனில் உடையின் நிறத்தாலும் தொழிலாலும் பிறப்பாலும் பிரித்த அடுக்கை முதற்பத்தியிலேயே எழுத முடிகிறது. எச். ஜி. வெல்ஸின் நாவலைத் தழுவி 1960இல் வந்த ‘தி டைம் மெஷின்’ படத்தில், மனித இனம் மேலே வாழ்வோரும் கீழே உழைப்போருமாக இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வெல்ஸ், டார்வினின் கொள்கைக்காக வாதாடிய டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர் என்பது அங்கே பயனுள்ள வெளிச்சான்று.

ஒன்பதாம் படி: எழுதுதல்

கட்டுரை எழுதும்போது ஒரே ஒரு தொடர்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்: உணவு, கை, பிறந்தநாள் என ஏதேனும் ஒன்று. அது வரும் காட்சிகளைப் படத்தின் வரிசையிலேயே விவரித்து, அதன்பின் அவற்றிடையே உள்ள மாற்றத்தைச் சொல்லி, பின்னரே அறிவியலையும் உங்கள் தோற்றத்தையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கூற்றின் எதிரிலும் நண்பர் ஒருவரை ‘எந்தக் காட்சியில்?’ என்று எழுதச் சொல்லுங்கள். விடை தர இயலாத கூற்றுகளை நீக்கிவிடுங்கள், அல்லது ‘எனக்குத் தோன்றுவது’ என்று வெளிப்படையாகக் குறித்து நான்காம் பத்திக்கு மாற்றுங்கள். நெடுங்கல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதன் பொருளைச் சொல்லுமுன், அது தோன்றும் நான்கு இடங்களிலும் யார் அதன்முன் நிற்கிறார்கள், என்ன ஒலி கேட்கிறது, அடுத்த காட்சியில் என்ன மாறுகிறது என்ற மூன்றுக்கும் விடை எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும்.